கம்பி போட்ட பல்லும் கணக்கில் வராத லட்டும்

வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன். முகத்துக்கு நேரே விளக்கு அடிக்கிறது. பல் டாக்டர் ஹரிதா ஒரு குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, மெல்லிய கொக்கி ஒன்றால் மேல்வரிசை ஈறை லேசாகத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், பொளுக்கென்று ரத்தம்.

"இதேண்டம்மா?" என்றார் டாக்டர். என்னம்மா இது என்கிறார். அவர் திருப்பதிக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் முதல் வார்த்தை தெலுங்கில் விழும்.

பல்லுக்குக் கம்பி போட்டு அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. ஈறு வீங்கி, பல்லில் ஒட்டியிருந்த குட்டிக் குட்டி உலோகச் சதுரங்களின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

"தினமும் பல்லு தேய்க்கறீங்களா?"

"தேய்க்கிறேன் மேடம். ரத்தம் வர்ற எடத்த மட்டும் வுட்டுட்டு தேய்க்கிறேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த எடத்ததான் தேய்க்கணும். வுட வுடதான் அழுக்கு சேர்ந்து இன்னும் வீங்கும். சரி, என்ன சாப்பிடறீங்க, சொல்லுங்க."

காலையில் இட்லி, மத்தியானம் சாதம், சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ, ராத்திரி ரெண்டு சப்பாத்தி என்று ஒப்பித்தேன். ஸ்வீட் உண்டா என்று கேட்டார். கம்பி போட்ட நாளிலிருந்து ஸ்வீட் பக்கமே போகவில்லை என்று சத்தியம் பண்ணினேன். மனசாரச் சொன்ன சத்தியம் அது.

அவர் மூக்கை என் வாய்க்கு அருகே கொண்டுவந்து மோந்து பார்த்தார். "பச்சைக் கற்பூரம் வாசன வருதே" என்றார்.

டாக்டரை இதே இடத்தில் கொஞ்சம் நிற்க வைத்துவிட்டு, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எனக்கு எதற்குப் பல்லில் கம்பி என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் பொறுமைசாலி, நிற்பார்.

தொடாத உதடுகள்

எனக்குச் சொந்த ஊர் ஆந்திர எல்லையோரத்து நாகலாபுரம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பல் வரிசையாக இருக்கும். எனக்கு மட்டும் மேல்வரிசை, கூட்ட பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்கள் மாதிரி வெளியே வந்து நிற்கும். மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதோடு சரி, தொட்டுக்கொண்டதே இல்லை.

பள்ளிக்கூடத்தில் தெலுங்கு சார் "நோரு மூய்" என்று அதட்டுவார். வாயை மூடு என்கிறார். மூடித்தான் சார் இருக்கேன் என்பேன். எதிர்த்துப் பேசியதற்கு அடி விழும். பசங்கள் எனக்கு வைத்த பெயர் தேங்காத்துருவி. நானும் லேசுப்பட்டவள் இல்லை. "கிட்ட வாடா, உன் மண்டயத் துருவி வுடறேன்" என்று துரத்துவேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு உதட்டையும் விரலால் பிடித்து மூடிப் பார்ப்பேன். விரலை எடுத்ததும் திறந்துகொள்ளும். அழுகை வரும்.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்கள், பெண்ணுக்கு மேடையிலேயே வாந்தி வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவர் ஒருவர்தான் அந்த ஆல்பத்தை எல்லாருக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

தூக்கத்திலும் வாய் திறந்தே கிடக்கும். காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்து, நாக்கு அட்டை மாதிரி இருக்கும். ஒரே ஒரு நாளாவது உதடு சேர்ந்து, வாய் மூடித் தூங்கி எழ வேண்டும். அந்த ஆசைக்குத்தான் கம்பி. அழகுக்காக இல்லை என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லமாட்டேன். அழகுக்கும்தான்.

என் வீட்டுக்காரர் முரளி, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு தினம் பஸ்ஸில் போய் வருகிறவர். "இப்ப இருக்கறதுக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

"நீங்க வாய மூடிக்கினு தூங்கறவரு. உங்களுக்கு இன்னா தெரியும்?"

ஆனாலும் கம்பி போட்ட நாளில் கூடவே வந்து, எனக்கு வலிக்கும் முன்னால் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லட்டு வரும் வழி

என் வேலையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறீர்கள் என்றால், திருப்பதி ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை என்னுடையது. மலைக்குப் போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தரிசனம் முடிந்து வருகிறவர்கள் சாவி கேட்பார்கள். கேட்கிற கை சும்மா வராது, லட்டோடு வரும்.

வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். மொட்டைத் தலையில் சந்தனம், காலில் வலி, முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பை யாரிடமாவது பங்கு போட வேண்டும். மலையிறங்கி வந்ததும் முதலில் எதிர்ப்படுகிற ஜீவன் நான். பையைத் திறந்து, லட்டைப் பிட்டு, "இந்தாம்மா, பிரசாதம்" என்று ஒரு விள்ளல். அடுத்த குடும்பம் வரும், இன்னொரு விள்ளல். கூட்ட நாளில் கேட்கவே வேண்டாம்.

வலது கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, அவர்கள் பார்க்கவே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று மேசையில் வைத்தால் முகம் வாடிவிடும். வாயில் போட்ட பிரசாதத்தைக் கொப்பளித்துத் துப்புவதோ, எங்கள் பக்கத்தில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஆகவே கல்கண்டும் நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் என் கம்பிக்கு அடியில் பொழுதுக்கும் குடித்தனம் நடத்தின. சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் பல் தேய்ப்பேன், அதுவும் ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டு.

ஸ்வீட் தொடுவதில்லை என்று எப்படிச் சத்தியம் பண்ணினாய் என்று கேட்பீர்கள். பிரசாதம் எப்படி ஸ்வீட் ஆகும்? எங்கள் மேனேஜர் சுப்பராயுலு ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அன்றைக்கும் பிரசாதம் வந்தால் வாங்கிப் போட்டுக்கொள்வார். விரதம் முறிந்ததா என்று அவரிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை, கேட்கிற துணிச்சல் எனக்கும் இல்லை. திருப்பதியில் பிரசாதம் சாப்பாட்டில் சேராது.

இடுக்கி முனையில்

டாக்டரிடம் திரும்புவோம். பாவம், பச்சைக் கற்பூர வாசனையோடு நிற்கிறார்.

மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்து, கம்பிக்கு அடியில் விட்டு எதையோ இழுத்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பாதி ஏலக்காய்த் தோல்.

"இது என்ன?"

"பிரசாதம் மேடம்."

"லட்டு சாப்ட்டீங்களா?"

"இல்ல மேடம், பிரசாதம்."

"லட்டுதானே பிரசாதம்?"

"லட்டு கடையில விக்கிறது மேடம். இது மலையில இருந்து வந்தது."

டாக்டர் என்னைப் பார்த்தார்.  கையில் இருந்ததைக் குப்பை டப்பாவில் போடக் குனிந்தார், பாதியில் நின்றார். அவரும் திருப்பதிக்காரர்தானே. உதவிக்கு நின்ற நர்ஸ் பெண் டப்பாவைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "மேடம், பிரசாதம்" என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள். டாக்டர் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வாஷ்பேசினில் போட முடியாது. ஜன்னலுக்கு வெளியே எறிய முடியாது, கீழே பிளாட்பாரத்தில் ஆள் மிதிப்பார்கள். கடைசியில் நர்ஸ் பெண் ஓடிப்போய் வரவேற்பறையில் இருந்த துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏலக்காய்த் தோல் மரியாதையாக மண்ணுக்குள் போனது. டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரத்தத்துக்கு டாக்டர் வைத்த பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தால் என்ன சத்தம் வரும் தெரியுமா? நர்ஸ் பெண் பயந்துவிட்டாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சொல்றத கேளுங்க. கம்பி பல்ல இழுக்குது. ஈறு நல்லா இருந்தாதான் அந்த இழுப்ப தாங்கும். இப்படியே வீங்கினா உள்ள எலும்பு கெட்டு பல்லு ஆடும். அடுத்த மாசம் வரும்போதும் ரத்தம் வந்தா கம்பிய கழட்டிடுவேன். பாதியில நின்னா நிக்கட்டும், பல்லு இருக்கணும் எனக்கு."

சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. அந்த மாதங்களில் மேல்வரிசை பாதி தூரம் உள்ளே வந்திருந்தது. இழுத்துப் பிடித்தால் உதடு ஓரத்தில் லேசாகத் தொடும். தொட்டும் தொடாமலும் இருக்கிற அந்த இடத்தில் நிறுத்துவதா? 

சாமி பொறுப்பு எதுவரை

பல் தேய்ப்பதையே எனக்குப் புதிதாகச் சொல்லித் தந்தார்கள். பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் வைத்து, மெதுவாக வட்டமாக. கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. பிறகு, பாட்டில் கழுவுகிற பிரஷ் குட்டி போட்டது மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கம்பிக்கு அடியில் நுழைத்து ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் ரத்தம் வரும், பயந்து விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். எது வாயில் போனாலும் உடனே கொப்பளிக்க வேண்டும். எது என்றால் எதுவும்.

தேய்ப்பது சுலபம். லட்டுதான் சிக்கல்.

முதல் நாள், ஈரோட்டுக் குடும்பம் ஒன்று நீட்டியதை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அண்ணன் கையை நீட்டியபடியே நின்றார். "நாங்க என்னங்க தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டார். உள்ளே இருந்து சுப்பராயுலு ஓடி வந்தார். "பிரசாதம் வத்தண்டே எட்லம்மா?" என்று எனக்கு ஒரு அதட்டல். வேண்டாம் என்றால் எப்படி என்கிறார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம், வாங்கி வாயருகே கொண்டுபோய், போட்டுக்கொண்ட மாதிரி மென்றுகாட்டி, மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். இரண்டே நாளில் எறும்பு. இழுப்பறையிலிருந்து மேசை, மேசையிலிருந்து சாவிப் பலகை என்று சாரை சாரையாக ஏறியது. சாவி வாங்கிய ஒவ்வொருவரும் கையை உதறிக்கொண்டே மாடிப்படி ஏறினார்கள். அந்த வழியும் அடைபட்டது.

ராத்திரி சாப்பாட்டில் முரளியிடம் புலம்பினேன்.

"துன்னுட்டு உடனே வாய் கொப்புளிச்சிட வேண்டியதுதான" என்றார்.

"பிரசாதத்த துப்பச் சொல்றீங்களா?"

"துப்பாத. மொத தண்ணிய முழுங்கிடு. தீர்த்தம் மாதிரி. வாயில கீறது எல்லாம் வயித்துக்குப் போயிடும். அடுத்த தண்ணிய துப்பு."

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு வாய் தண்ணீரில் எல்லாம் போய்விடுமா? கல்கண்டு ஒட்டிக்கொண்டிருந்தால்? எத்தனை வாய் தண்ணீருக்கு அப்புறம் பிரசாதம் பிரசாதமாக இல்லாமல் போகிறது? தட்டில் சப்பாத்தி காய்ந்துபோகிற வரை இருவரும் வாதாடினோம். எனக்கு முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சுப்பராயுலுவிடமே வழக்கைக் கொண்டுபோனேன். டாக்டர் சொன்னது, கம்பியைக் கழற்றிவிடுவார் என்பது, என் உதடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். 

"மூணு மடக்கு கொப்புளிச்சு முழுங்கு. நாலாவது மடக்குக்கு சாமி பொறுப்பில்ல" என்றார்.

இத்தனை தெளிவான தீர்ப்பை நான் எந்தப் பஞ்சாயத்திலும் கேட்டதில்லை. அவர் அதோடு விடவில்லை. எனக்காக லிப்ட்டுக்குப் பக்கத்து வாஷ்பேசினில் ஒரு டம்ளர் வைத்தார். விள்ளல் விழுந்ததும் ஓடுவேன். மூன்று மடக்கு உள்ளே, நாலாவது வெளியே, உடனே குட்டிப் பிரஷ். திரும்பி வரும்போது அடுத்த குடும்பம் லட்டோடு நிற்கும். மறுபடி ஓடுவேன். வயிறு முட்டத் தண்ணீர். அந்த மாதம் நான் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் குறைவு.

முதல் வாரம் பிரஷ் முழுக்கச் சிவப்பு. ஆனாலும் விடவில்லை. பிறகு வெளுத்த ரோஸ். ஒரு காலை எச்சில் துப்பினேன், வெள்ளையாக இருந்தது. முரளியைக் கூப்பிட்டு வாஷ்பேசினைக் காட்டினேன். மனுஷர் பாதி சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்து, கோலத்தைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தார்.

கெடு நாள்

டாக்டரிடம் போக வேண்டிய நாளில் கிளம்பி வாசல்படி இறங்கிவிட்டேன். எதிரே மதுரைக்காரம்மா ஒருவர் மொட்டைத் தலையோடு வந்தார். கையில் கொடுத்தால்கூடப் பரவாயில்லை. "வாயத் தொற தாயி" என்று பெரிய விள்ளலாக ஊட்டியே விட்டார். முந்திரி, திராட்சை, கல்கண்டு எல்லாம் ஒரே விள்ளலில். உள்ளே ஓடினேன். குழாயைத் திருகினேன். காற்று வந்தது.

டேங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம்.

பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆட்டோவில் ஏறி, ஓடுகிற ஆட்டோவிலேயே மூன்று மடக்கு கொப்பளித்து விழுங்கினேன். நாலாவதை வெளியே துப்பினால் பின்னால் வருகிற பைக்குக்காரர் மேல் விழும் என்று அதையும் விழுங்கினேன். பிறகு குட்டிப் பிரஷ்ஷை எடுத்து, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி எட்டி எட்டித் தேய்த்தேன்.

"அக்கா, ஆ அத்தம் நாகு காவாலி" என்றார் டிரைவர். கண்ணாடி எனக்கு வேண்டும் என்கிறார். நியாயம்தான். அடுத்த சிக்னல் வரை பொறுத்தேன், சிக்னலில் வண்டி நின்றதும் மீதியைத் தேய்த்தேன். பக்கத்து பஸ்ஸிலிருந்து ஜன்னல் ஜன்னலாக முகங்கள் எட்டிப் பார்த்தன. பார்த்தால் பார்க்கட்டும் என்று பல்லைக் காட்டினேன்.

டாக்டர் கொக்கியை உள்ளே விட்டார். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைவாய் வரை போய்த் திரும்பி வந்தார். கொக்கியை விளக்கில் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"ரத்தம் இல்ல" என்றார். திரும்ப ஒருமுறை பார்த்தார். "நிஜமாவே இல்ல. கம்பி இருக்கட்டும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் கையில் கொக்கி இருந்ததால் அவரால் திருப்பிக் கட்டிக்கொள்ள முடியவில்லை.

கம்பி கழன்ற நாள்

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு மழைநாளில் டாக்டர் கம்பியைக் கழற்றினார். பல் திரும்ப நகராமலிருக்க, ராத்திரியில் போட்டுக்கொள்ள ஒரு கிளிப் கொடுத்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை என் கையில் தந்துவிட்டு நகர்ந்து நின்றார்.

பல்லை நான் பார்க்கவில்லை. உதட்டைச் சேர்த்தேன். சேர்ந்தது. விரல் வைக்காமல், இழுக்காமல், மேலுதடு கீழுதட்டின் மேல் சும்மா போய் உட்கார்ந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது. எல்லாரும் பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறார்களா? இந்தச் சுகத்தை வைத்துக்கொண்டா வாய் ஓயாமல் பேசுகிறார்கள்?

டாக்டர் ஏதோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். திறக்க மனசு வரவில்லை. ஆட்டோவில் இடத்தைக் கைகாட்டினேன். வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன், வாய் மூடியபடியே.

முரளி கம்பெனி பஸ் இறங்கி வந்தார். "கழட்டியாச்சா? காட்டு" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை.

"இன்னாடி? கோவமா?"

பேசவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ, மனுஷருக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

"அந்த மிக்சி ஜாரா? அது தானா வுடயல, நான்தான் கீழ போட்டேன்."

எனக்குத் தெரியாத சங்கதி. உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"உங்க அண்ணனுக்குப் போன் பண்றேன்னு சொல்ட்டு பண்ணல. அதுவா?" என்று தலையைச் சொறிந்தார். நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். 

"சரி, உனக்கு யாரோ சொல்லிட்டாங்க. டாக்டரு கெடு குடுத்த மாசம், ஒரு ஞாயித்துக்கெழம ஓவர்டைம்னு சொன்னது பொய்தான். மலைக்குப் போனேன். நடந்து. உன் ஈறு நல்லாவணும், கம்பிய கழட்டக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேன். லட்டு வாங்கினேன். வூட்டுக்கு எட்த்தாந்தா உனக்குக் குடுக்கணும், குடுத்தா ஈறு கெட்டுடும். கீழ எறங்கற வழியில நானே துன்னுட்டேன்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு லட்டு முழுசயும் தனியாவா துன்னீங்க?"

சேர்ந்த உதட்டைப் பிரித்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.